17 என்பது றிம்மின் அளவு மட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில் பழைய ஜப்பான் வேகக் கார்களை ஆசையோடு வைத்திருக்கும் இளம் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்கு ரயர் மாற்றிக் கொடுக்கும் கடைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

நான் 31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வீடு உவர்மலையில். என் தம்பி கனடா போனபோது தன்னுடைய 2001ஆம் ஆண்டுச் சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ காரை என்னிடம் விட்டுப் போனான். விற்க அவனுக்கு மனம் வரவில்லை. "அக்கா, கிழமைக்கு ஒருக்காலாவது ஓட்டுங்கோ, நிப்பாட்டி வைச்சால் பழுதாப் போயிடும்" என்று விமான நிலையத்தில் நின்றும் சொன்னான். சொன்னபடி ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி வரைக்கும், மாதத்தில் ஒருநாள் கந்தளாயில் இருக்கும் சித்தி வீட்டுக்கும் போய் வருவேன். அந்தக் காரின் கியர் கம்பியைப் பிடித்தால் தம்பியின் கையைப் பிடித்த மாதிரி இருக்கும். அதனால்தான் அதற்கு ஒரு குறை வந்தபோது எனக்கு அவ்வளவு துக்கமாக இருந்தது.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், கன்னியா வீதியில் தண்ணீர் மூடிய குழி ஒன்றில் பின் இடது சக்கரம் இறங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரயரின் பக்கச்சுவர் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. புடைத்த ரயரை ஓட்டக்கூடாது, உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், எந்த நேரமும் வெடிக்கும். சரி, மாற்றுவோம் என்று நகரில் ஒரு ரயர் கடைக்குப் போனேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வேலை செய்த பிள்ளை என்னிடம் படித்தவன். "ரீச்சர், 17இல் இதுதான் இருக்கு. புதுசு. ஒன்று போட்டால் இழுக்கும், பின்னுக்கு ரெண்டும் போடுவம்" என்றான். நானும் சம்மதித்தேன். பின்னுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவன் போட்டது 225/50 ஆர் 17. காரில் ஏற்கெனவே இருந்தது 225/45 ஆர் 17. முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒன்று. நடுவில் இருந்த 45, 50 ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் சிவப்பு மையால் சுழித்தவள், அன்றைக்குப் பில்லைக்கூட வடிவாகப் பார்க்கவில்லை. பில்லில் "ரயர் 17 - 2" என்றுதான் எழுதியிருந்தது.

இரண்டு நாளில் வித்தியாசம் தெரியத் தொடங்கியது. எங்கள் வீட்டு வாசல் ஒடுக்கம். ஸ்டியறிங்கை முழுக்க ஒடித்துத்தான் காரை உள்ளே விட வேண்டும். அப்படி ஒடிக்கும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோலக் கார் தயங்கியது, அப்புறம் ஒரு குலுக்கு. கந்தளாய்க்குப் போய் வந்த அன்று, வண்டியை நிறுத்தி இறங்கியதும் அடியிலிருந்து எண்ணெய் கருகும் மணம். அக்ஸில் போய்விட்டது என்று பயந்து, அநுராதபுரச் சந்திப் பக்கம் தம்பி வழக்கமாகக் காட்டும் கராஜுக்குக் கொண்டு போனேன்.

அங்கே இருந்த மெக்கானிக் பாஸ் காருக்குக் கீழே போகவே இல்லை. நான்கு ரயரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வெண்கட்டியை எடுத்தார். முன் ரயர் ஒன்றின் அடியில், நிலத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, நேரே கீழே சீமெந்துத் தரையிலும் ஒரு கோடு. பின் ரயருக்கும் அப்படியே. பிறகு மூன்று பேர் காரை மெதுவாகத் தள்ளினார்கள். ரயரில் இருந்த கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்ப நிலத்தைத் தொட்ட இடத்தில் மறுபடி தரையில் கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் இடையில் அளவு நாடா. முன் சக்கரம் ஒரு சுற்றுக்கு 191.5 சென்ரிமீற்றர். பின் சக்கரம் 200 சென்ரிமீற்றர். எட்டரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம்.

"ரீச்சர், நீங்களே கணக்குப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். ஒரு கிலோமீற்றர் ஓட முன் சக்கரம் 522 தடவை சுற்ற வேண்டும், பின் சக்கரம் 500 தடவை. கிலோமீற்றருக்கு 22 சுற்று வித்தியாசம். கந்தளாய் எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். போய் வர 1,760 சுற்று. முன் பக்கமும் பின் பக்கமும் ஒரே எஞ்சினால் ஓடும் காரில் இந்த 1,760 சுற்றையும் எங்கோ ஓர் இடம் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இடம்தான் நடு டிபரன்சல்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ரயர் கடைகளில் இது யாருக்கும் சொல்லப்படுவதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில், திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் நடுவில் ஒரு டிபரன்சல். எங்கள் காரில் அதோடு விஸ்கஸ் கப்ளிங் என்ற ஒரு பெட்டியும் இருக்கிறது. அதற்குள் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக, நடுவில் தடித்த சிலிக்கோன் திரவம். சேற்றில் ஒரு பக்கச் சக்கரங்கள் சும்மா சுற்றினால் தட்டுகள் அந்தத் திரவத்தை வேகமாகக் கலக்கும், திரவம் சூடாகும், தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வண்டி சேற்றிலிருந்து வெளியே வரும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அப்படி வேலை செய்யவே அதை அமைத்தார்கள். முன்னும் பின்னும் ரயர் அளவு மாறினால் நேர் றோட்டில் போகும்போதுகூட அந்தத் தட்டுகள் ஓயாமல் உரசுகின்றன. சூடு ஆறுவதே இல்லை. கடைசியில் அது இறுகிவிடும். இறுகினால் திரும்பும்போது கார் தயங்கும், குலுங்கும். என் வாசலில் நடந்தது அதுதான்.

அமெரிக்காவில் சுபாரு கம்பனி தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் எல்லை கால் அங்குலம். நான்கு ரயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். என் காரில் இருந்த வித்தியாசம் 85 மில்லிமீற்றர், பதின்மூன்று மடங்குக்கும் மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். ரயரின் பள்ளம் 1 மில்லிமீற்றர் தேய்ந்தாலே சுற்றளவு 6.3 மில்லிமீற்றர் குறைந்துவிடுகிறது. ஆகவே சரியான அளவில் இரண்டு புது ரயர் வாங்கி, பாதி தேய்ந்த இரண்டோடு சேர்த்துப் போட்டாலும் எல்லை தாண்டிவிடும். இப்படியான காருக்கு நான்கையும் ஒன்றாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற மூன்றின் தேய்வுக்குச் சமமாகத் தேய்ந்த ஒன்றைத் தேட வேண்டும். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையாவது முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வந்தால் நான்கும் ஒரே சீராகத் தேயும்.

எனக்கு அந்த விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது. கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி, பாவித்த ஒன்றை எடுத்து, கியர்ப் பெட்டியை இறக்கிப் போட்டார்கள். அந்தச் செலவுக்கு நல்ல ரயர் இரண்டு செட் வாங்கியிருக்கலாம். தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் கோபிக்கவில்லை. "கதவுத் தூணில் எழுதியிருக்கே அக்கா" என்று மட்டும் சொன்னான்.

உண்மைதான், எழுதியிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு சிறிய ஒட்டுத்தாள். ஜப்பான் எழுத்துத் தெரியாவிட்டாலும் எண்கள் எல்லாருக்கும் பொதுவானவை. அளவும் இருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு காற்று என்றும் இருக்கும். காற்றழுத்தம் கிலோபாஸ்கலில் இருந்தால் 6.9ஆல் வகுத்தால் நம் கடைகளில் சொல்லும் பிஎஸ்ஐ வரும். 220 கிலோபாஸ்கல் என்றால் 32. பழைய ரயரில் இருக்கும் அளவைப் பார்த்து வாங்காதீர்கள். காரை முந்தி வைத்திருந்தவர் அந்த அளவை ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கை மாறிக்கொண்டு இருந்தன. மூன்று நான்கு பேரிடம் இருந்து வந்த காரில் யார் எந்த றிம் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இனிக் கணக்கு. சாதாரண தரத்துக்கு முன்னமே படிக்கிற கணக்குத்தான். 225/45 ஆர் 17 என்றால் ரயரின் அகலம் 225 மில்லிமீற்றர். 45 என்பது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. ஆகவே பக்கச்சுவர் 101 மில்லிமீற்றரும் சொச்சமும். ஆர் என்றால் றேடியல் ரயர். 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். அங்குலத்தை மில்லிமீற்றராக்க 25.4ஆல் பெருக்குங்கள், 431.8 வரும். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவரைக் கூட்டினால் 202.5. மொத்த உயரம் 634.3 மில்லிமீற்றர். அதே முறையில் 225/50 ஆர் 17இன் உயரம் 656.8. இருபத்திரண்டரை மில்லிமீற்றர் கூட. இரண்டையும் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் கண்ணுக்கே தெரியும், ஆனால் காருக்குக் கீழே போனபின் தெரியாது.

பெரிய றிம் போட விரும்பும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். தடுக்க வேண்டியதில்லை, கணக்குப் பார்த்துச் செய்யட்டும். 17க்குப் பதில் 18 போடுவதென்றால் 225/40 ஆர் 18இன் உயரம் 637.2, வித்தியாசம் 3 மில்லிமீற்றர்கூட இல்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒன்றாகப் போட்டால் வேகமானியும் ஏறக்குறையச் சரியாகவே காட்டும். உயரத்தைப் பார்க்காமல் நான்குக்கும் 225/50 ஆர் 17 போட்டிருந்தால், மானி 70 காட்டும்போது கார் உண்மையில் 72.5இல் போய்க்கொண்டிருக்கும். ஊருக்கு வெளியே நம் எல்லை 70. ஆனாலும் 18 போடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பக்கச்சுவர் 101இலிருந்து 90க்குக் குறைகிறது. ஹபரணை வீதி இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் நம் உள்வீதிகளில் மழைக்காலக் குழிகள் அந்தப் 11 மில்லிமீற்றரைக் கேட்கும். என்னைக் கேட்டால் 17இலேயே நிற்பேன். 16க்கு இறங்கவும் வழியில்லை, பெரிய பிரெம்போ பிரேக் உள்ள காருக்கு 16 றிம் இடிக்கும்.

அகலம் கூடினால் பிடிப்புக் கூடும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். காய்ந்த றோட்டில் ஓரளவுக்குச் சரி. கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடைக்காற்று மழை கொட்டும்போது, அகலமான ரயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகாமல் அதன் மேலே மிதக்கும். றிம்முக்கும் ஓர் அகலம் உண்டு. 225/45 ஆர் 17க்கு 7 அங்குலம் முதல் எட்டரை அங்குலம் வரை அகலமுள்ள றிம் பொருந்தும். ஒடுங்கிய றிம்மில் மிக அகலமான ரயரைப் போட்டால் பக்கச்சுவர் பலூன் மாதிரி வெளியே தள்ளி, திருப்பத்தில் மடங்கும். ரொயோட்டா 2012இல் ஜிடி86 காரைக் கொண்டு வந்தபோது அதற்கு 215/45 ஆர் 17தான் போட்டார்கள், பிரியுஸ் காருக்கும் போட்ட அதே வகை மிஷெலின் ரயர். விளையாட்டுக் கார் செய்யத் தெரிந்தவர்களே காரின் நிறைக்கும் வலுவுக்கும் அது போதும் என்று முடிவெடுத்தார்கள்.

முன்னும் பின்னும் அகலம் வேறாக இருக்கும் கார்களும் உண்டு, அவை கம்பனியே அப்படிச் செய்தவை. நிஸான் ஜிடிஆர் 35ஐப் பாருங்கள். அதுவும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார். முன்னுக்கு 255/40 ஆர் 20, பின்னுக்கு 285/35 ஆர் 20. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் முன் 712, பின் 707.5. அகலத்தில் 30 மில்லிமீற்றர் வித்தியாசம் வைத்தவர்கள் உயரத்தில் நாலரை மில்லிமீற்றர்தான் விட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நல்ல தேற்றத்தின் நிறுவலைப் பார்த்த சந்தோசம்.

அளவுக்குப் பிறகு வரும் இரண்டு குறிகளையும் பாருங்கள். 91 டபிள்யூ என்று இருந்தால், 91 என்பது ஒரு ரயர் 615 கிலோ வரை தாங்கும் என்பது, டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பது. நாம் யாரும் 270இல் ஓடப் போவதில்லை. ஆனால் அந்த எழுத்து ரயரின் கட்டமைப்பையும் சூடு தாங்கும் சக்தியையும் சொல்கிறது. 190க்கு மட்டும் உறுதி சொல்லும் ரீ எழுத்து ரயரை இவ்வளவு வலுவான காருக்குப் போட்டு, சித்திரை வெயிலில் தம்புள்ளை வரை ஓடுவது நல்லதல்ல. மலிவாக இருக்கிறது என்று இதில் இறங்க வேண்டாம்.

பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. கடையில் புதிதாகத் தொங்கினாலும் வயது அதுதான். பள்ளம் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் கடந்த ரயரைக் கழற்றச் சொல்கின்றன கம்பனிகள், அதற்கு முன்னமே ஐந்து வருடத்திலிருந்து ஆண்டுதோறும் பரிசோதிக்கவும் சொல்கின்றன. ஊரில் ஓடாமல் பூட்டி வைத்த கார்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். என் காரில் முந்தி இருந்தவை தேயாமலே வெடிப்பு விட்டிருந்தன.

இப்போது நான்கு புது ரயர், 225/45 ஆர் 17, கொழும்பிலிருந்து சொல்லி எடுத்துப் போட்டிருக்கிறேன். நான்கின் வயது இலக்கமும் ஒன்று. வாசலில் ஸ்டியறிங்கை ஒடித்தால் கார் தயங்காமல் உள்ளே போகிறது.

அந்தக் கடைப் பிள்ளையிடமும் போய்ப் பேசினேன், குறை சொல்ல அல்ல. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வெண்கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். வகுப்பில் ஒருநாளும் அப்படிக் கவனித்ததில்லை, அன்றைக்குக் கவனித்தான். இப்போது கார் வந்தால் முதலில் கதவைத் திறந்து தூணைப் பார்க்கிறானாம்.

நம் ஊர் ரயர் கடைகளிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பில்லில் "17" என்று மட்டும் எழுதாதீர்கள். அகலம், வீதம், றிம், சுமை எண், வேக எழுத்து, செய்த கிழமை, எல்லாம் எழுதிக் கொடுங்கள். ஒரு வரிதான், அரை நிமிடம் போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் மற்ற ரயர்களின் பள்ளத்தையும் அளந்து பார்த்துவிட்டு இரண்டா நான்கா என்று சொல்லுங்கள். வருடாவருடம் வரிப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், அது ரயர் அளவைச் சரிபார்ப்பதற்கு அல்ல. ஆகவே இந்தப் பொறுப்பு கடையிலும் காரின் சொந்தக்காரரிடமும்தான் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்க வேண்டி வந்தால் என் கதையை எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். உயரம் பார்க்கும் கணக்கையும் வெண்கட்டிக் கோட்டையும் மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.